லாரியில் வந்த ஆஸ்பத்திரி

"முதல்ல அந்தக் குழந்தையை வெளியில எடுங்க."

"எதுக்கு எடுக்கணும்?"

"உள்ள பொம்மையை வைக்கணும்."

"என்ன பொம்மை?"

"குழந்தை பொம்மைதான், சிஸ்டர். பின்ன கரடி பொம்மையையா வைப்பாங்க? கொஞ்சம் தள்ளுங்க, மந்திரி பாலத்தைத் தாண்டிட்டாராம்."

பெரியவள் தள்ளவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு, கோழி குஞ்சை மறைப்பதுபோல நின்றாள். எதிரே நின்ற மனிதரின் கக்கத்தில் ஒரு ரப்பர் பொம்மை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இளஞ்சிவப்பில் ஒரு கம்பளிக் குல்லாய் கூட இருந்தது. யாரோ உட்கார்ந்து, கண்ணுக்குக் கண்ணாய்ப் பின்னிய குல்லாய் அது. பொம்மைக்குக் குளிரும் என்று யார் நினைத்தார்கள்?

அவள் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு நர்ஸ். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் பெரியவள். அந்தப் பெயர் அவளோடு வேலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பெட்டிக்குள் கிடந்தது அவள் தங்கை சின்னவள் பெற்ற பெண். நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்ட குழந்தை. ஒரு கை அகலத்துக்குள் அடங்கிவிடும் உடம்பு. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் போய்விடுமோ என்று சின்னவளுக்குப் பயம்.

"நீங்க யாரு? இந்த வார்டுக்குள்ள பொம்மையோட என்ன வேலை உங்களுக்கு?" என்றாள் பெரியவள்.

"விழாவுக்கு மேடை போடறவன், அதனால என்னை மேடைன்னு கூப்பிடுவாங்க. இந்தச் சாமானுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு." அவர் கையை வீசி வார்டு முழுவதையும் காட்டினார். "காலையில லாரியில கொண்டுவந்து இறக்கினது யாருன்னு நினைச்சீங்க? தேவதைங்களா?"

உண்மையைச் சொல்வதென்றால் அவள் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தாள்.

காலையில் வேலைக்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் லாரிகள் நின்றன. பழைய வார்டில் இருந்த நோயாளிகளைப் பின்கட்டுக்கு மாற்றச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு. "புது வார்டு வருது, மந்திரி திறந்து வைக்கிறார்" என்று மட்டும் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அதன்பிறகு அவள் கண்ணெதிரே நடந்ததை அவள் எந்த வார்த்தையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஈரம் குடித்து உப்பிய சுவர்களின் மேல் வெள்ளைத் தகடுகள் வந்து உட்கார்ந்தன. விரிசல் விட்ட தரையின் மேல் பாய் சுருளைப்போலப் பளபளக்கும் தரையை உருட்டி விரித்தார்கள். கட்டில்கள் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலேயே தங்கள் இடத்தைத் தெரிந்துகொண்டவை போல நின்றன. மூச்சு விட உதவும் கருவி, இதயத் துடிப்பைக் கோடாக எழுதும் கருவி, அவள் பயிற்சிப் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்த கருவிகள். சீருடை போட்ட ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, மோதவில்லை, எதையும் கீழே போடவில்லை. ஒருவன் நீட்டிய கைக்கு மற்றவன் சரியான திருகுளியைக் கொடுத்தான். அப்படி ஒரு ஒழுங்கை அவள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருநாளும் கண்டதில்லை. வாய் பிளந்து நின்றாள்.

பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டி வந்தது.

குறைமாதக் குழந்தைகளைச் சூடு குறையாமல் வைத்துக் காக்கும் பெட்டி. அதற்காக அவள் எழுதிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த பெட்டியின் சூடேற்றி எரிந்துபோய் நெடுங்காலமாகிவிட்டது. அதில் இப்போது ஸ்டோர்க்காரர் தன் குடையையும் சாப்பாட்டுப் பையையும் வைக்கிறார். பெட்டி இல்லாத குறைக்கு, குழந்தையைப் பெற்றவளின் வெற்று மார்பில் கிடத்தித் துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். தாயின் சூட்டில் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் சின்னவளுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். குழந்தையைத் தாயிடம் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெரியவளும் குழந்தையின் அப்பாவும் மாற்றி மாற்றி மார்பில் கட்டிக்கொண்டார்கள். அவன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். "மூட்டை தூக்கின உடம்புக்கு இது கனமே தெரியலக்கா. அதான் பயமா இருக்கு" என்றான். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. விடிந்தபோது குழந்தையின் பாதங்கள் சில்லிட்டு, உதடுகளில் நீலம் ஏறியிருந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், அத்தனை தூரம் தாங்காது என்று அவளுக்கே தெரியும்.

அந்த நிலையில்தான் பெட்டி வந்து அவள் முன்னால் நின்றது. அவள் யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பெட்டியில் குழந்தையை வைக்க யாரைக் கேட்க வேண்டும்? மின்சாரத்தில் சொருகினாள். விளக்கு எரிந்தது. மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது, தூரத்தில் யாரோ வாய்க்குள்ளேயே தாலாட்டு முணுமுணுப்பதுபோல. பெட்டி சூடாகும் வரை காத்திருந்து, கையை நன்றாகக் கழுவி, தங்கை புருஷனின் மார்பிலிருந்து குழந்தையை அவிழ்த்தெடுத்து உள்ளே கிடத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த மனிதர் பொம்மையோடு வந்து சேரும்வரை. முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நீலம் உதட்டோரத்துக்கு ஒதுங்கியது. மொட்டுக்குள் எங்கிருந்தோ நிறம் வருவதுபோல, பாதத்திலிருந்து மேலே ஒரு செம்மை ஏறி வந்தது. பிரசவம் பார்த்தே தலை நரைக்கத் தொடங்கியவள் அவள். ஆனாலும் உயிர் திரும்பி வருவதை இப்படிப் பக்கத்தில் நின்று, கண்ணாடிக்கு வெளியிலிருந்து, திரை விலக்கிக் காட்டியதுபோலப் பார்த்ததில்லை.

"இங்க பாருங்க, அண்ணே" என்றாள் மேடையிடம். சண்டை போடத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு குரல். "பாருங்களேன்."

மேடை குனிந்து பார்த்தார். முதலில் அவசரமாக. பிறகு அவசரம் இல்லாமல். கக்கத்துப் பொம்மை மெல்ல நழுவித் தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"மூச்சு விடுது" என்றார்.

"விடாம?"

"இல்ல, சிஸ்டர்… இந்தப் பெட்டியை நான் எத்தனையோ ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன். துடைச்சிருக்கேன். திருகாணி கழண்டா மாட்டியிருக்கேன். உள்ள ஒரு உசுரைப் பாக்கறது இதான் முதல் தடவை." அவர் கண்ணாடியில் விரலை வைத்து, அதன் இளஞ்சூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, தன் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைக் கேட்ட தகப்பனைப்போல, "நல்லாதான் வேலை செய்யுதுல்ல?" என்றார்.

"எத்தனையோ ஊருக்கா?"

மேடை நிமிர்ந்தார். சொல்லிவிட்டதை எப்படி விழுங்குவது என்று யோசிப்பவர்போல இருந்தது.

"சிஸ்டர், உங்ககிட்ட யாரும் சொல்லலையா? மந்திரி போனதும் எல்லாத்தையும் லாரியில ஏத்திடுவோம். நாளைக்கு வேற ஊர்ல திறப்பு விழா. நாளன்னிக்கு இன்னொரு ஊர்ல. ஊர் பேர் எழுதின பலகை மட்டும்தான் மாறும்."

"அப்ப ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா வாங்கினதா பேப்பர்ல போட்டிருந்தாங்களே?"

"வாங்கினாங்க. இல்லேன்னு யார் சொன்னா? எல்லா ஊருக்கும்தான் வாங்கினாங்க. வந்து சேர்ந்தது இந்த ஒரு செட்டுதான்."

"மிச்சமெல்லாம்?"

மேடை மோவாயை ஒருதடவை மேலே, கூரையைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். யானை வாயில் போன கரும்பைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பதுபோல.

பெரியவளுக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் முதலில் வந்தது ஒரு பிரமிப்பு. மலையடிவாரத்தில் நின்று தலையை அண்ணாந்து, இன்னும் அண்ணாந்து, உச்சி எங்கே என்று தேடுகிறவனுக்கு வருமே, அந்த மாதிரி. ஒரு கட்டிலையோ ஒரு மருந்துப் பெட்டியையோ திருடுகிறவனை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு நாட்டின் ஆஸ்பத்திரிகள் அத்தனையையும் ஒன்றே ஒன்றாக ஆக்கி, அதைச் சக்கரத்தில் ஏற்றி, ஊர் ஊராக உருட்டிக்கொண்டுபோக எவ்வளவு மூளை வேண்டும்? எத்தனை பேர் சேர்ந்து உழைத்திருக்க வேண்டும்? சுவரைப் பார்த்தாள். வெள்ளைத் தகடுகள் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல்வரைதான் இருந்தன. அதற்கு மேலே பழைய ஈரச்சுவர் அப்படியே இருந்தது. காமிரா அதற்கு மேல் பார்க்காது.

வெளியே சைரன் கேட்டது.

மேடையின் ஆட்களில் ஒருவன் ஓடி வந்து, "அண்ணே, வண்டி நம்ம தெருவுக்குள்ள திரும்பிடுச்சு" என்றான். மேடை பெட்டியைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார், காலடியில் கிடந்த பொம்மையைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"இருக்கட்டும். அவர் போற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது, சிஸ்டர்."

வார்டு ஆயா அதற்குள் ஒரு ஈரத் துடைப்பத்தோடு வந்து பெரியவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா கையில் ஏதாவது வேண்டும் அவளுக்கு. "வரட்டும் வரட்டும். என்கிட்டத் திட்டு வாங்கினவன்தான்" என்றாள்.

"யாரு, மந்திரியா?"

"பின்ன? பேதி வந்து ஊரே சுருண்டு கிடந்த வருஷம். அப்ப இவன் மந்திரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சும்மா நாலு பசங்களைச் சேத்துக்கிட்டு வந்தான். தோள்லயே தூக்கிட்டு வருவான் ஆளுங்கள. வராந்தாவுலயே படுத்துக் கிடந்தான். சேத்துக் காலோட வார்டுக்குள்ள வந்தான்னு இந்தத் துடைப்பத்தாலயே விரட்டியிருக்கேன். கழுதை தேஞ்சு கட்டெறும்பாகும்னு சொல்வாங்க. இவன் கட்டெறும்பா இருந்து யானையானவன். என்ன, யானையானதுக்கு அப்புறம் நம்ம சந்துக்குள்ள நுழைய முடியல, பாவம்."

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அவர் உள்ளே வந்தார்.

பெரியவள் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். நேரில் இன்னும் வயதானவராக, இன்னும் உயரமாக இருந்தார். அவர் நடந்து வந்தபோது வார்டே அவர் பக்கம் சாய்ந்ததுபோலத் தோன்றியது. விளக்குகள்கூட. பெரிய டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் வந்தார். மந்திரி கட்டில்களைப் பார்த்துப் புன்னகைத்தார். கருவிகளைப் பார்த்துப் புன்னகைத்தார். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுத்தாளால் சின்ன அடையாளங்கள் வைத்திருந்தார்கள். அவர் கீழே பார்க்காமலேயே ஒவ்வொன்றின் மேலும் சரியாகக் கால் வைத்தார். கடைசி அடையாளம் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்தது.

அங்கே வந்து நின்று, குனிந்து, புகைப்படக்காரர்களுக்காக முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். பிறகு உதட்டை அசைக்காமல் பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் சொன்னார்:

"பொம்மையை மாத்திட்டீங்களா? இது நல்லாருக்கே. அசையுதே."

பெரியவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. மேலே, மேலே என்று எல்லாரும் மோவாயைத் தூக்கிக் காட்டும் அந்த உயரத்தில் நிற்பவருக்கும் தெரிந்திருக்கிறது.

"பொம்மை இல்லீங்க, ஐயா" என்றாள். "குழந்தை."

உதவியாளர் அவளை முறைத்தார். மந்திரி திரும்பவில்லை. அப்படியே குனிந்த நிலையில் இருந்தார். குழந்தை அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டது. அத்தனை சின்ன வாய் அத்தனை பெரிதாகத் திறக்கும் என்று அங்கிருந்த ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ "அம்மாடி" என்றார்கள். புகைப்படக் கருவிகளின் படபடப்பு நின்றது. எடுக்க மறந்துவிட்டார்கள்.

"நிஜக் குழந்தையா?" என்றார் மந்திரி. கூட்டங்களில் ஒலிக்கும் குரல் இல்லை அது. "தொடலாமா?"

"கை கழுவிட்டுத் தொடுங்க."

அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. எத்தனையோ அப்பாக்களிடம் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய வார்த்தை. பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மந்திரி மட்டும் கீழ்ப்படிதலுள்ள மாணவன் மாதிரி, சுவரோரம் மினுமினுத்த புத்தம்புது வாஷ் பேசினுக்குப் போனார். குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் திருகினார். குழாய் கையோடு சுற்றியது. அதற்குப் பின்னால் பைப்பே கிடையாது, சுவர்த் தகட்டில் நாலு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்த பேசின் அது. மேடையின் முகம் வெளிறியது.

ஆயாதான் நகர்ந்தாள். பின்கட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் சோப்பும் கொண்டுவந்தாள்.

"குனிஞ்சு நில்லுப்பா. சட்டை நனையப் போகுது."

அந்தக் குரலைக் கேட்டு மந்திரி அவளை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் குனிந்தார். ஆயா ஊற்ற ஊற்ற, முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்களைக்கூட விடாமல் கழுவினார். எப்படிக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போதோ, வேறு யாராகவோ இருந்தபோது கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும்.

பெரியவள் பெட்டியின் பக்கவாட்டுச் சாளரத்தைத் திறந்தாள். அவர் ஒரு விரலை உள்ளே நீட்டினார். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தன் உள்ளங்கையில் ஏதோ பட்டதும் தொட்டாற்சிணுங்கி இலை மூடிக்கொள்வதுபோல விரல்களை மூடிக்கொண்டது. விரல் அதற்குள் மாட்டிக்கொண்டது.

அந்த இடத்தில் காலம் கொஞ்சம் நின்றுதான் போனது. காவலுக்கு வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உதவியாளரின் போன் அடித்தது, அவர் எடுக்காமலே அணைத்தார். மந்திரியின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பெரியவள் பார்த்தாள். இத்தனை பேரையும், இத்தனை விளக்கையும், இத்தனை பெரிய பொய்யையும் அந்த ஒரு பிடி கட்டிப்போட்டிருந்தது. இந்த உலகத்தில் எது பெரிது எது சின்னது என்பதை அளக்கத் தன்னிடம் ஒரு கோலும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்த வார்டு… அப்ப ஓட்டுக் கூரையா இருந்துச்சு" என்றார் மந்திரி, யாரிடமும் என்றில்லாமல்.

உதவியாளர் காதோரம் குனிந்து, "ஐயா, ஜனங்க வெயில்ல நிக்கறாங்க" என்றார். மந்திரி மெதுவாக, மிக மெதுவாக, விரலை உருவிக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

வாசலில் கூட்டம் அலைமோதியது. மந்திரி ஒலிபெருக்கி முன்னால் நின்றார். பெரியவள் ஜன்னலோரம் நின்று கேட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நின்றாள்.

"இந்த வார்டு இன்னையிலேர்ந்து உங்களோடது" என்றார் அவர். "எந்தத் தாயும் இனிமே குளிர்ல நடுங்கற குழந்தையைப் பாத்து அழ வேண்டாம். இந்த ஊர்ல பிறக்கற கடைசிக் குழந்தை வரைக்கும் இந்தப் பெட்டியோட சூடு காத்துக்கிட்டு இருக்கும்."

அந்தக் குரலை என்னவென்று சொல்வது! கடல் கரைக்கு வருவதுபோல வந்தது அது. கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பெரியவளும் நம்பிவிட்டாள். மேடை சொன்னதெல்லாம் கனவு, இதுதான் நிஜம் என்று. அவள் கைகள் தாமாகவே தட்டின.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கட்டிலின் சக்கரம் உருண்டது.

திரும்பினாள். மேடையின் ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வெளியே மந்திரி பேசும்போது அவர்கள் திருகாணிகளை மட்டும் சத்தமில்லாமல் கழற்றினார்கள். கைதட்டல் எழுந்ததும் கட்டில்களையும் தகடுகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரும்பு இரும்பின்மேல் மோதும் ஓசையைக் கைதட்டல் மூடிவிட்டது. கைதட்டல் அடங்கியதும் மறுபடியும் அப்படியே நின்று திருகுளியை எடுத்தார்கள். அவர் பேச்சில் எந்த இடத்தில் ஜனம் கைதட்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வந்ததைவிட வேகமாக ஆஸ்பத்திரி கரைந்துகொண்டிருந்தது. பளபளத்த தரை சுருண்டது. வாஷ் பேசினை ஒருவன் இடுப்பில் குடம்போல வைத்துக்கொண்டு போனான்.

"அண்ணே!" அவள் மேடையிடம் ஓடினாள். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நான் வாய் திறக்க மாட்டேன். அந்தப் பெட்டியை மட்டும் விட்டுடுங்க."

"அப்புறம் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனே, சிஸ்டர்."

"நாளைக்கு அந்த ஊர்ல பொம்மையைத்தானே வைக்கப் போறீங்க? பொம்மைக்கு எதுக்கு அண்ணே சூடு?"

மேடை தலையைச் சொறிந்தார். "பெட்டி இல்லேன்னா என் தலை இருக்காது. அங்கேயும் உங்களை மாதிரி ஒரு சிஸ்டர் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க, லாரி வருமா வருமான்னு. அவங்க என்ன நினைச்சுக்கிட்டு நிப்பாங்கன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுடுச்சு. தெரியாமலே இருந்திருக்கலாம்."

"பெரிய டாக்டர் சொன்னா விடுவீங்களா?"

"அவர் பின்பக்கமா வீட்டுக்குப் போயிட்டார். தலைவலியாம்."

பெரியவள் பெட்டியைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கால்களை இப்போது தவளைபோல விரித்துப் போட்டு, வீட்டில் இருப்பதுபோல. வெளியே எடுத்தால் அந்தப் பாதங்கள் எவ்வளவு சீக்கிரம் சில்லிடும் என்று அவளுக்குத் தெரியும். சின்னவளின் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. அடுத்த தடவை அந்த நீலம் உதட்டோடு நிற்காது.

மேடை அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"பெட்டியைக் கடைசியா ஏத்தறேன்" என்றார் தணிந்த குரலில். "என்னால முடிஞ்சது அவ்வளவுதான். அதுக்குள்ள போய் அவர்கிட்டயே கேளுங்க. அவர் வாயால 'இருக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் அதை எவனும் தொட மாட்டான். நானும்தான். போங்க, பேச்சு முடியப் போகுது. 'என் உயிர் உள்ளவரை'ன்னு ஆரம்பிச்சார்னா அதோட கடைசி."

ஒலிபெருக்கி, "என் உயிர் உள்ளவரை…" என்றது.

பெரியவள் ஆயாவைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு ஓடினாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷன், "என்னக்கா?" என்று எழுந்தான்.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போகப் போறாங்க தம்பி. நான் அவர்கிட்டப் போகணும். வழியைப் பாரு."

கூட்டம் சுவர்போல நின்றது. மந்திரி ஏற்கெனவே இறங்கிக் காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மூட்டைக்காரனுக்குக் கூட்டம் புதிதா? தலைக்குமேல் கைகளைத் தூக்கி, அங்கே இல்லாத ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கத்துவதுபோலவே கத்தினான்:

"சுமை வருது, சுமை வருது, ஒதுங்கு! மேல விழுந்தா நான் பொறுப்பில்ல! ஒதுங்கு, ஒதுங்கு!"

ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழக்கத்தில், தலையைக் குனிந்து விலகினார்கள். அந்தப் பிளவுக்குள் பெரியவள் அவன் முதுகை ஒட்டிக்கொண்டே ஓடினாள். அவனைக் காவல்காரர்கள் பிடித்து நிறுத்தியபோது, அவன் அக்குள் வழியாக நுழைந்து அவள் காருக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

கதவு சாத்தியாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மந்திரி உட்கார்ந்திருந்தார். முகத்தில் பேச்சின் வேர்வை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்திலிருந்து உதவியாளர் "போலாம், போலாம்" என்று டிரைவரின் தோளைத் தட்டினார். பெரியவள் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். ஒரு காவல்காரன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். மந்திரி நிமிர்ந்தார். அவளை அடையாளம் தெரிந்தது. கையை உயர்த்திக் காவல்காரனை நிறுத்தினார். கண்ணாடி பாதி இறங்கியது.

ஓடி வரும்போது அவள் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். உங்களுக்குத் தெரிந்தேதான் செய்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆயா உங்களைப் பற்றிச் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்ப் பெட்டிகள் எங்கே என்று கேட்க வேண்டும். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்தபோது, அந்தக் களைத்த, பெரிய, இன்னும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற முகத்தைப் பார்த்தபோது, எல்லாம் கலைந்து போயின. பின்னால் வார்டு வாசலில் லாரியின் கதவுச் சங்கிலி குலுங்கும் ஓசை கேட்டது.

"ஐயா," என்றாள் மூச்சிரைக்க, "உள்ள உங்க விரலைப் பிடிச்சுக்கிட்டாளே, அவ என் தங்கச்சி பொண்ணு. அவ படுத்திருக்கற பெட்டியை லாரியில ஏத்தப் போறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமாம். அதை இங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்லுங்க, ஐயா."